‘நல்லாப் பார்த்துக்குங்க’ என்றால், யார் பார்ப்பது?

(வாசிப்பு வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னைப் பேசக் கேட்ட தலைப்பு வேறு. துப்புரவுத் தொழிலும் சாதியும் பற்றி என் முனைவர் பட்ட ஆய்விலிருந்து பேசச் சொன்னார்கள். குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன். இடையில் ஒன்று நடந்தது. நம் வட்டத்துத் தோழர் ஒருவர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. விசாரித்தபோது, அவருடைய அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அவர்தான் கூட்டிப் போகிறார் என்று தெரிந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: “தோழர் இப்போதெல்லாம் களத்துக்கு வருவதில்லை.” அதற்குக் கீழே இரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

அதைப் படித்ததும் தலைப்பை மாற்றிக்கொண்டேன். தீராத நோயில் கிடப்பவர்களைப் பற்றி நாம் கொஞ்சமாவது பேசுகிறோம். அவர்களைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இரவெல்லாம் கண்விழிக்கும் வீட்டு மனிதர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்களும் ஒரு களத்தில்தான் நிற்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். என் அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

என் அப்பா கொத்தனார். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் காலனி எங்களுடையது. முப்பது வருடம் சாரம் ஏறியவர். வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் இருந்தது. கன்னத்தின் உட்புறம் வந்த புண் ஆறவில்லை. புற்றுநோய் என்று தெரியும்போதே முற்றியிருந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் காப்பீட்டு அட்டையில் நடந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். மறுபடியும் வந்தபோது மருத்துவர் எங்களை அழைத்து, “இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்லாப் பார்த்துக்குங்க” என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

தோழர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நல்லாப் பார்த்துக்குங்க. யாரைப் பார்த்துச் சொன்னார்? அறையில் நான் இருந்தேன், அம்மா இருந்தார், அக்கா இருந்தாள். நாங்கள் மூவருமே அக்காவைத்தான் பார்த்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. முடிவாகிவிட்டது.

அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவள். மாமாவும் அங்கேயே வேலை. மகள் ஐந்தாம் வகுப்பு. மகளை மாமாவிடம் விட்டுவிட்டு ஒரு பையோடு ஊருக்கு வந்தாள். அம்மா கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்பதால் அம்மா இருக்க முடியாது. நான் ஆய்வு மாணவன், உதவித்தொகை வாங்குபவன், “படிக்கிற பிள்ளை”. ஆகவே நானும் இருக்க முடியாது. எட்டு மாதம் அவள்தான் இருந்தாள்.

அந்த எட்டு மாதம் அவள் செய்த வேலையை நான் பட்டியலிட வேண்டும். ஏனென்றால் ‘பார்த்துக்கொள்வது’ என்ற சொல்லுக்குள் இதெல்லாம் மறைந்துவிடுகிறது. அப்பாவால் விழுங்க முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். கஞ்சியையும் பாலையும் வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகச் செலுத்த வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தியிருக்க வேண்டும், ஊட்டி முடித்தும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இது நாளைக்கு ஆறு முறை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். கன்னத்துப் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். வலிக்கு மார்பின் மாத்திரை. மார்பின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், அதற்குத் தனி மருந்து. அதைக் கொடுத்தால் எந்த நேரத்தில் போகும் என்று தெரியாது.

புண்ணிலிருந்து வந்த நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு செவிலியர் வந்தார். அவர்தான் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவக் கற்றுக்கொடுத்தார். நாற்றம் பெருமளவு குறைந்தது. சில ரூபாய் மாத்திரை. அதைச் சொல்ல ஓர் ஆள் வரும்வரை ஒன்றரை மாதம் எங்கள் வீடு அந்த நாற்றத்தில் கிடந்தது. அப்பா மூக்கைத் துண்டால் மூடிக்கொள்வார். தன் நாற்றம் தனக்கே தாங்காமல்.

இப்போது என்னைப் பற்றி.

நான் சனிக்கிழமை தோறும் ஊருக்குப் போனேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டினேன். மருந்து வாங்கினேன். பணம் அனுப்பினேன். நல்ல மகன் என்று காலனியில் பேர். ஒரு நாள் அக்கா மகளின் பள்ளிக்கூட விஷயமாகத் திருப்பூர் போயிருந்தாள். அம்மா களையெடுக்கப் போயிருந்தார். நானும் அப்பாவும் மட்டும். பன்னிரண்டரை மணி இருக்கும். அப்பாவுக்கு மலம் போய்விட்டது. துணியெல்லாம் ஆகிவிட்டது. அவரால் பேச முடியாது. என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா மூன்று மணிக்கு வந்துவிடுவார் என்று மனம் கணக்குப் போட்டது. எழுந்து வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் வாசலுக்குப் போனேன். நாற்பது நிமிடம், தோழர்களே. நாற்பது நிமிடம் என் அப்பாவை அப்படியே கிடக்க விட்டேன். மலக்குழி மரணங்களைப் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவன் நான்.

கடைசியில் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் திட்டவில்லை. “வெந்நி வை. பழைய வேட்டி கிழிச்சி வச்சிருக்கேன், கட்டிலுக்குக் கீழ பாரு. ஒருக்களிச்சிப் படுக்க வச்சி முன்னாலேருந்து பின்னால தொட. தேய்க்காத, தோலு பிஞ்சிக்கும். அப்பா மூஞ்சியப் பார்த்துப் பேசிக்கினே செய்டா. பேசாம செஞ்சா அதுக்கு வெக்கமாப் பூடும்” என்றாள்.

பேசிக்கொண்டே செய். எந்த மருத்துவமனையும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவளே கண்டுபிடித்தது. நான் பேசினேன். சின்ன வயதில் அப்பா கூட்டிப் போன சித்தாள் வேலை, மழையில் இடிந்த சுவர், எதையெதையோ. அவர் கண்ணைத் திறந்தார்.

அந்த நாற்பது நிமிடம் நான் யாருக்காகக் காத்திருந்தேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். ஒரு பெண் வருவதற்காகக் காத்திருந்தேன். அவ்வளவுதான். சாதி வேலையை மட்டும் பிரித்து வைக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து வைத்தது என்பதை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கியிருப்பார். அதை நான் எத்தனையோ மேடைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்குள் அதே பிரிவினையை நான் வைத்திருந்தேன். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். மலம் அள்ளும் தொழில் ஒரு சமூகத்தின் மீது வன்முறையால் சுமத்தப்பட்டது. அக்கா செய்ததில் அன்பு இருந்தது. ஆனால் ‘இது அவர்கள் வேலை, என் கை இதற்கானதல்ல’ என்ற எண்ணம் இருக்கிறதே, அது இரண்டு இடத்திலும் ஒரே எண்ணம்தான்.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். என் அத்தை, அப்பாவின் தங்கை, சென்னையில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்பவர். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கவாதம் வந்த பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, உணவு ஊட்டுவது எல்லாம் அத்தைதான். அந்த வீட்டில் அத்தைக்குத் தனி டம்ளர். பாட்டியின் வாயில் ஊட்டும் கை அது. அந்தக் கை தொட்ட டம்ளர் மட்டும் சமையலறைக்குள் போகக் கூடாது. அண்ணன் சாகக் கிடக்கிறார் என்று அத்தை விடுப்புக் கேட்டபோது, “வேற ஆள் வச்சிட்டுப் போ” என்றார்கள். இரண்டு முறைதான் வர முடிந்தது. வசதியுள்ள வீட்டின் பராமரிப்புச் சுமை இப்படித்தான் கைமாறி நம் வீடுகளுக்கு வந்து சேர்கிறது. அவர்கள் ஒரு தலித் பெண்ணின் கையை விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணின் வீட்டு நோயாளியை யார் பார்ப்பது என்ற கேள்வி யாருக்கும் எழுவதில்லை.

நம் இயக்க வரலாற்றையும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். பெரியார் தன் இறுதி ஆண்டுகளில் மூத்திரக் குழாயோடு ஊர் ஊராகச் சுற்றினார் என்று பெருமையோடு சொல்கிறோம். 1973 டிசம்பர் 19இல் தியாகராய நகரில் வலியோடு பேசினார், ஐந்தாம் நாள் 24ஆம் தேதி வேலூரில் மறைந்தார். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவர் உடலை அத்தனை ஆண்டுகள் பேணியது யார்? மணியம்மையார். 1949இல் அந்தத் திருமணத்தை வைத்து என்னவெல்லாம் பேசினார்கள் என்று நமக்குத் தெரியும். இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய அந்தப் பெண், பல காலம் ‘அய்யாவைப் பார்த்துக்கொண்டவர்’ என்ற ஒற்றை வரியில்தான் அடைக்கப்பட்டார். அந்த ஒற்றை வரிக்குள் எவ்வளவு வேலை இருந்தது என்றும் யாரும் கேட்கவில்லை.

அம்பேத்கருக்கு நீரிழிவு, கால் நரம்பு வலி, உயர் ரத்த அழுத்தம். 1948இல் அவரை மணந்த சவிதா ஒரு மருத்துவர். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு எழுதிய முன்னுரையில், தன்னை எழுதும் நிலைக்கு மீட்டவர்கள் என்று மனைவியையும் மருத்துவரையும் அம்பேத்கர் நன்றியோடு குறிப்பிட்டார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. சவிதா மீது சந்தேகம் கிளம்பியது. இயற்கையான மரணம் என்றே அரசு விசாரணை முடிந்தது. அவர் பிறந்த சாதி உட்பட அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் பல அரசியல் காரணங்கள் இருந்தன, அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது இதுதான். நோயாளி இருக்கும்வரை பராமரிப்பவர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, நோயாளி இறந்த பிறகு முதல் கேள்வி அவரிடம்தான் கேட்கப்படுகிறது. அப்பா இறந்த அன்று என் அக்காவையும் ஒரு பெரியப்பா கேட்டார்: “கடைசியா என்னம்மா குடுத்த?”

சரி, அரசு என்ன செய்கிறது?

2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டிலுள்ளவர்களைச் சம்பளமின்றிப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும், ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. இது குழந்தை வளர்ப்பும் சேர்ந்த சராசரி. என் அக்காவைப் போன்றவர்களின் இருபத்துநான்கு மணி நேரம் இந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது.

அக்காவின் சம்பளத்தில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அவளுக்கு நோய் வந்தால் விடுப்புக்குப் பணம் உண்டு. அவளைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு வைத்தியமும் உண்டு. ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள் விடுப்பெடுத்தால் ஒரு ரூபாய் கிடையாது. காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பணம் கொடுக்கும், வீட்டுக் கட்டிலுக்குக் கொடுக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் என்ற சொல்லையாவது ஏற்றுக்கொண்டது, உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி பற்றியும் பேசுகிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய் இல்லை. எங்கள் பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான். முனைவர் பட்டம் படிக்கும் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் தர யு.ஜி.சி. விதி இடமளிக்கிறது. சாகக் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள, ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை.

அக்காவுக்கு அப்போது நாள் சம்பளம் 450 ரூபாய். மாதம் 26 நாள், எட்டு மாதம். 93,600 ரூபாய். அப்பாவின் நோயில் எங்கள் குடும்பத்தின் மிகப்பெரிய செலவு அதுதான். மருந்துச் சீட்டுகளை நான் கோப்பில் ஒழுங்காக வைத்திருந்தேன். இந்தச் செலவுக்கு மட்டும் ரசீது இல்லை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் வலிதணிப்புச் சிகிச்சைக்கான ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஆட்டோ ஓட்டுநர்களும் மாணவர்களும் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். 2008இல் மாநில அரசு அதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. ஊராட்சி வழியாகச் செவிலியர் வீட்டுக்கு வருவது நடைமுறையானது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டமும் அங்கே உண்டு. 600 ரூபாய் எதற்குக் காணும் என்று கேட்கலாம். நிலுவையில் கிடப்பதும் உண்டு. ஆனாலும் அது ஒரு வேலை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வலிதணிப்புச் சிகிச்சையை வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. அதை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே கேட்க வேண்டும்.

என்ன கேட்பது? இறுதிக்கட்ட நோயாளி இருக்கும் வீட்டுக்கு வாரம் ஒரு முறையாவது செவிலியர் வர வேண்டும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன், குழாயில் ஊட்டுவதையும் புரட்டிப் படுக்க வைப்பதையும் வீட்டாருக்குக் கற்றுத்தர வேண்டும், ஆண்களையும் உட்கார வைத்து. தாலுகா மருத்துவமனையிலேயே மார்பின் கிடைக்க வேண்டும். நாங்கள் அதற்கு இரண்டு பேருந்து மாறினோம். இ.எஸ்.ஐ.யிலும் நல வாரியங்களிலும் சம்பளத்தோடு கூடிய பராமரிப்பு விடுப்பு வேண்டும். நோயின் பெயர் பார்க்காமல் பராமரிப்பாளருக்கு உதவித்தொகை வேண்டும். என் அத்தையைப் போன்றவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் வார விடுமுறையும் வேண்டும்.

இதெல்லாம் வரும்வரை நாம் என்ன செய்வது? எட்டு மாதத்தில் அக்காவுக்கு உண்மையில் உதவிய சிலரை வைத்துச் சொல்கிறேன்.

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லாதீர்கள். கேட்கும் தெம்பு அவர்களுக்கு இருக்காது. “சனிக்கிழமை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை நான் உட்காருகிறேன், நீங்கள் தூங்குங்கள்” என்று சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பெண் ஒருவர் வெள்ளிக்கிழமை தோறும் அக்காவைத் தலைகுளிக்க அனுப்பிவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அக்கா இன்னும் பேசுகிறாள். ஹார்லிக்ஸ் வேண்டாம், சமைத்த சோறு கொண்டுபோங்கள். காப்பீட்டு அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய நமக்குத் தெரியும். மனு எழுதத் தெரிந்த இயக்கம் நம்முடையது, அந்தக் கோப்பை நாம் வாங்கிக்கொள்வோம். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.

அந்தப் பதில் சங்கடமாக இருக்கலாம். ஒரு நாள் அக்கா என்னிடம், “சீக்கிரம் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதுடா” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அப்போது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இன்று அதற்கு என் பதில்: அது பாவமில்லை. நாள் முழுக்க ஒருவரின் வலியைத் தன் கையால் தொடுபவருக்குத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படித் தோன்றிய பிறகும் அவள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். ‘தியாகி’ என்று சொல்லி அவளைத் தள்ளி நிறுத்தாதீர்கள். தியாகி என்று சொல்லிவிட்டால் முறைவைத்து அந்த வேலையைச் செய்ய யாரும் வரமாட்டார்கள்.

நம் வட்டத்து ஆண்களுக்கு ஒரு சொல். சமத்துவம் பேசும் நம்மில் எத்தனை பேருக்குப் படுக்கையில் கிடப்பவருக்கு அடியில் துணி மாற்றத் தெரியும்? எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. தொடுவது அரசியல் என்று நாம்தான் சொல்கிறோம். முதலில் வீட்டில் தொட்டுப் பழகுவோம்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா திருப்பூர் கிளம்பினாள். பழைய கம்பெனியில் அவள் இடத்தில் வேறு ஆள். இன்னொரு கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். முதுகுவலி இன்றும் இருக்கிறது. இன்று அவளையும் கூப்பிட்டேன். “ஷிப்ட் இருக்குடா, நீயே பேசு. அந்த நாப்பது நிமிசத்தையும் சேத்து சொல்லு” என்றாள். சொல்லிவிட்டேன்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டயாலிசிஸுக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் போக வர, காத்திருக்க, ஆறு மணி நேரம் ஆகும். நம் தோழரிடம் பேசிவிட்டேன், முதலில் வேண்டாம் என்றார், பிறகு சரி என்றார். அடுத்த இரண்டு மாதத்துக்குத் தேதிகளை எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கள் நான் போகிறேன். மற்ற தேதிகள் காலியாக இருக்கின்றன. போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.